அரிசியா, பணமா, வேலையா, பசுவா? வறுமையைக் குறைக்க ஓர் ஆசிய நாடு முதலில் எதைத் தேர்ந்தெடுப்பது

வளரும் ஆசிய நாடு ஒன்றில், ஏழைகளுக்கென்று இந்த ஆண்டு கூடுதலாகக் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையளவு பணமல்ல, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காடு. நிதியமைச்சரின் மேசையில் ஐந்து கோப்புகள் இருக்கின்றன. ரேஷன் கடையில் அரிசி கொடுக்கலாம் என்கிறது ஒன்று. ஏழைக் குடும்பங்களைப் பட்டியலெடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு மாதாமாதம் பணம் தரலாம் என்கிறது இன்னொன்று. கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கூலி வேலை கொடுப்பது மூன்றாவது. பரம ஏழைப் பெண்களுக்குப் பசுவோ ஆடோ கொடுத்து இரண்டு ஆண்டு கூடவே நிற்பது நான்காவது. வசதியைப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்து, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தொகை கொடுப்பது ஐந்தாவது.

ஐந்தையுமே ஏதாவதோர் ஆசிய நாடு பல ஆண்டுகள் செய்து பார்த்துவிட்டது. ஆகவே நடந்ததை வைத்தே முடிவெடுக்கலாம். வழக்கமாக இந்த விவாதம் எதைக் கொடுப்பது என்பதைச் சுற்றியே போய்க்கொண்டிருக்கும். இந்த வழியில் போனால் யார் விடுபடுவார்கள் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐந்து வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பட்டியல் தயாராகும் விதம்

மாதச் சம்பளக்காரர்களும் வரி கட்டுகிறவர்களும் நிறைந்த நாட்டில் ஒருவரின் வருமானம் அரசுக்குத் தெரியும். இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளில் பெரும்பாலோர் கூலி, சிறு விவசாயம், தள்ளுவண்டி, வீட்டுவேலை என்று பிழைக்கிறவர்கள். அவர்களின் வருமானம் எந்த ஏட்டிலும் இல்லை. அதனால் அரசு வீட்டைப் பார்க்கிறது. கூரை ஓடா ஓலையா, தரை மண்ணா சிமெண்டா, கழிப்பறை உண்டா, இருசக்கர வண்டி உண்டா, எத்தனை பேர் படித்தவர்கள் என்று கணக்கெடுப்பாளர் குறித்துக்கொண்டு போகிறார். ஒவ்வொன்றுக்கும் கணினி மதிப்பெண் போட்டு, குடும்பத்தின் நிலையை ஊகிக்கிறது. மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே வந்தால் உதவி உண்டு, மேலே போனால் கிடையாது.

இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. கோட்டுக்கு மேலும் கீழும் குடும்பங்கள் நெருக்கியடித்து நிற்கிற நாட்டில் மதிப்பெண் கொஞ்சம் பிசகினாலும் ஆள் மாறிவிடும். அதைவிடப் பெரிய கோளாறு காலத்தைப் பற்றியது. கணவன் போன மாதம் இறந்ததற்காக ஓட்டு வீடு ஓலை வீடாகிவிடாது. வெள்ளத்திலோ ஆஸ்பத்திரிச் செலவிலோ ஒரே வாரத்தில் நொடித்துப்போன குடும்பத்தின் வீடு, வெளியிலிருந்து பார்த்தால் பல மாதம் பழையபடியே நிற்கும். குடும்பங்கள் வறுமைக்குள் விழுவதும் எழுவதுமாக இருக்க, ஒருமுறை எடுத்த பட்டியல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

பாகிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். 2008இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் பேநசீர் வருமான ஆதரவுத் திட்டம் தொடங்கியபோது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 8,000 படிவங்களைக் கொடுத்து ஏழைகளைப் பரிந்துரைக்கச் சொன்னார்கள். வேண்டியவர்களுக்கே போகிறது என்ற குறை எழுந்ததும், 2010-11இல் வீடு வீடாக மதிப்பெண் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அது நல்ல மாற்றம்தான். பணம் குடும்பத் தலைவியின் பெயருக்கே போனதால், அடையாள அட்டையே இல்லாத எத்தனையோ பெண்கள் அட்டை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் பெரிய விஷயம். ஆனால் அந்த ஒரே கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு திட்டம் பல ஆண்டுகள் ஓடியது. 2019 டிசம்பரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நீக்கினார்கள். வெளிநாடு போய்வந்தது, குடும்பத்தில் வண்டி இருப்பது, அரசு வேலை இருப்பது ஆகியவை காரணங்கள். நீக்குவதற்கு இவ்வளவு விவரம் தோண்டியெடுக்க முடிந்திருக்கிறது. அதே காலத்தில் புதிதாக ஏழையானவர்கள் உள்ளே வர வழி மிகக் குறுகலாகவே இருந்தது.

இலங்கையின் கதை இன்னும் வலிக்கிறது. 1995இல் தொடங்கிய சமுர்த்தி என்ற வறுமை நிவாரணத் திட்டத்தில் அரசியல் செல்வாக்கு புகுந்துவிட்டது என்பது நெடுங்காலக் குறை. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, உலக வங்கியின் மதிப்பீட்டில், வறுமை ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரு மடங்காகி மக்கள் தொகையில் கால் பங்கை எட்டியது. 2023இல் அதன் இடத்தில் அஸ்வெசும என்ற உதவித்தொகைத் திட்டம் வந்தது. 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். கட்சிக்காரர் கையிலிருந்து தேர்வை எடுத்து அளவுகோலிடம் கொடுத்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் பட்டியல் வெளியானதும் மேல்முறையீடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. நாட்டில் பெரும்பாலானோர் சறுக்கி விழுந்த வேளையில், யார் கூடுதலாக விழுந்தார்கள் என்று மதிப்பெண் போட்டுப் பிரித்தால் அப்படித்தான் ஆகும்.

இந்தியாவில் சட்டமே பட்டியலை உறையவைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரகத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 50 விழுக்காட்டினருக்கும் தலைக்கு 5 கிலோ தானியம் என்கிறது. அந்த விழுக்காட்டைக் கணக்கிடுவது 2011 மக்கள்தொகையை வைத்து. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. இடையில் மக்கள்தொகை எவ்வளவு பெருகினாலும் ஒதுக்கீடு சுமார் 81 கோடிப் பேருக்கு மேல் போகாது.

நான் சொல்வதற்கு எதிரான சான்றும் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. இந்தோனேசியாவின் ராஸ்கின் மலிவு அரிசித் திட்டத்தில் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ என்பது விதி. கிராமத் தலைவர்கள் பெரும்பாலும் அதை ஊரார் எல்லோருக்கும் பங்கிட்டுவிட, ஏழைகளுக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியே சேர்ந்தது. பிறகு அரிசிக்குப் பதிலாக மின்னணு அட்டை கொடுத்தபோது, பட்டியலில் உள்ளவர்களுக்கு முழுப் பங்கும் போய்ச் சேர்ந்தது. மிக ஏழையான 15 விழுக்காட்டுக் குடும்பங்களிடையே வறுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பட்டியல் ஓரளவு சரியாக இருந்து, கொடுப்பதும் ஒழுகாமல் போனால் பலன் பெரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே நாட்டில் 640 கிராமங்களில் நடந்த இன்னொரு சோதனையும் நினைவுக்கு வருகிறது. குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், மதிப்பெண் முறை ஏழைகளைச் சற்றே துல்லியமாகக் கண்டுபிடித்தது. ஊர்கூடித் தேர்ந்த இடங்களில் மக்களுக்குத் திருப்தி அதிகமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எதனால் ஏழை என்பது ஊருக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரிவதில்லை.

அரிசி, பணம், நிபந்தனை

அரிசியா பணமா என்ற வாதத்தில் நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். கடை பக்கத்திலா வங்கி பக்கத்திலா, விலை நிலையாக இருக்கிறதா ஏறுகிறதா என்பதே அதைத் தீர்மானிக்கும். புதுச்சேரியில் 2015இல் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. மக்கள் அரிசியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2024இல் ரேஷன் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. வெளிச் சந்தையில் விலை ஏறும்போது கையிலுள்ள ரூபாய் சுருங்கும், கடை அரிசியின் எடை சுருங்காது என்பது குடும்பத்தை நடத்துகிற பெண்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்நாடு 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் எல்லோருக்கும் அரிசி என்ற முறையை விடவில்லை. அதனால்தான் அங்கே கடை ஒழுங்காகத் திறக்கிறதா என்று கேட்க எல்லாத் தெருவிலும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் அரிசி பசியை ஆற்றுமே தவிர குழந்தையின் சத்துக்குறைவை அது மட்டும் தீர்க்காது.

நிபந்தனையோடு பணம் கொடுப்பதைப் பெரிய அளவில் செய்த நாடுகள் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும். பிலிப்பைன்ஸ் 2008இல் தொடங்கிய திட்டத்தை 2019இல் சட்டமாகவே ஆக்கியது. பிள்ளைகள் பள்ளி நாட்களில் 85 விழுக்காடு வகுப்பில் இருக்க வேண்டும், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், பெற்றோர் மாதம் ஒருமுறை கூட்டத்துக்கு வர வேண்டும். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் இருக்கின்றன. இந்தோனேசியாவின் ‘நம்பிக்கைக் குடும்பம்’ திட்டம் 2007இல் தொடங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அளந்தபோது குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றல் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. இந்தப் பலனை யாரும் சிறிதாகப் பேச முடியாது.

ஆனால் பலன் பணத்தால் வந்ததா நிபந்தனையால் வந்ததா? பள்ளி பக்கத்தில் இருக்கிற தாய்க்கு நிபந்தனை தேவையே இல்லை, அவள் எப்படியும் அனுப்புவாள். ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டிய ஊரில், மழைக்கால வருகைக் குறைவுக்காகத் தொகையை நிறுத்தினால் தண்டனை ஊருக்குப் பாலம் கட்டாத அரசுக்குப் போகாமல் அவள் தலையில் விழுகிறது. நிபந்தனை பொருள்படுகிற இடமும் உண்டு. வங்கதேசம் 1994 முதல் கிராமத்து உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குக் கொடுத்த உதவித்தொகையில், வருகையோடும் மதிப்பெண்ணோடும் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: மணமாகாதவளாக இருக்க வேண்டும். மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவிடச் சொல்லி உறவினர் நெருக்கும்போது, ‘தொகை நின்றுபோகும்’ என்று மறுத்துப் பேச ஒரு தாய்க்கு அது வாய் கொடுத்தது.

கேட்டவர்க்கு வேலை

கூலி வேலைத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதற்குப் பட்டியலே வேண்டாம் என்பது. வெயிலில் மண் வெட்டி, குளம் தூர்வார வருகிறவரிடம் ஏழை என்பதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. 1972 பஞ்சத்தில் மகாராஷ்டிரம் இதைத் தொடங்கி 1977இல் சட்டமாக்கியது. 2005இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள், கேட்ட 15 நாளுக்குள் வேலை, இல்லையென்றால் வேலையில்லாப் படி. இரவல் வண்டிபோல எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய சலுகையாக இல்லாமல் அது உரிமையாக இருந்தது. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் நகரத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் உட்பட சுமார் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் அதில் வேலை பார்த்தன. எந்தப் பட்டியலும் அவ்வளவு வேகமாக விரிந்திருக்காது. நாடு முழுவதும் வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். பக்கத்து வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றிருந்த ஊர்களில், ஒரே கூலி என்ற வழக்கத்தை அவர்கள் முதன்முதலில் பார்த்தது அந்தப் பணித்தளத்தில்.

குறைகளும் வெளிப்படையானவை. நூறு நாள் என்றாலும் குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது அதில் பாதிதான். கூலி வாரக்கணக்கில் தாமதமாகும். வேலையில்லாப் படி ஏட்டிலேயே தங்கிவிட்டது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாள் கணக்கு 125 ஆக உயர்ந்தது, செலவில் பெரும்பாலான மாநிலங்களின் பங்கு 40 விழுக்காடாகியது. மாநிலத்திடம் பணம் இல்லாத ஆண்டில் கேட்டவர்க்கு வேலை கிடைக்குமா என்பது என் கவலை. எப்படியிருந்தாலும், இந்த வழியில் விடுபடுகிறவர்கள் யார் என்பது தெளிவு: உடம்பு முடியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரிகள், வயது போனவர்கள். ஆகவே வேலைத் திட்டம் தனியாக நிற்க முடியாது.

ஒரு பசுவும் இரண்டு ஆண்டும்

வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 2002இல் கண்ட வழி மற்ற நான்கிலிருந்தும் வேறுபட்டது. சிறுகடன் கூட எட்டாத பெண்களைத் தேடிப்போனார்கள். நிலமில்லை, வீட்டுவேலை செய்து பிழைப்பு, பலருக்கு ஆண் துணையும் இல்லை. கடனாக இல்லாமல் சொந்தமாகவே ஒரு பசுவோ சில ஆடுகளோ கொடுத்தார்கள். பசு பால் கொடுக்கிறவரைக்கும் அதை விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை வரக்கூடாது என்று கொஞ்ச நாள் கைச்செலவுக்குப் பணம் தந்தார்கள். மாட்டுக்கு என்ன நோய் வரும், தீவனம் எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு ஊழியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1,309 கிராமங்களில் ஏழு ஆண்டு தொடர்ந்த ஆய்வில், இந்தப் பெண்கள் நிச்சயமில்லாத கூலி வேலையிலிருந்து கால்நடை வளர்ப்புக்கு மாறி, வருமானம் உயர்ந்து, அந்த உயர்வு நிலைத்ததும் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வு இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது. கொடுத்த சொத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டே போனார்கள், அதற்குச் சற்றுக் கீழே நின்றவர்கள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே வழுக்கினார்கள். பசு மட்டும் இருந்து, வண்டியும் கொட்டகையும் வாங்க வழியில்லாதவள் எவ்வளவு உழைத்தாலும் மேலே போக முடிவதில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுப்பது இந்த வழியில் பயன்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற சிறுகடன் நிறுவனம் இதே வழியில் செய்ததின் பலனும் பத்தாண்டு தாண்டி நிலைத்தது. பீகார் அரசு 2018 முதல் தன் மகளிர் குழுக்கள் வழியே இதைப் பெரிய அளவில் செய்கிறது.

இங்கே சிக்கல் ஆள். பசுவைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டு ஆண்டு வாரந்தோறும் பொறுமையாக வீட்டுக்கு வருகிற ஊழியரை அப்படி வாங்க முடியாது. சீனா 2013க்குப் பின் கிராமம் கிராமமாக ஏழைக் குடும்பங்களைப் பதிவு செய்து, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஊருக்குள் குடியேற்றி வேலை வாங்கியது. அந்த அளவு ஆளும் அதிகாரமும் மற்ற நாடுகளிடம் இல்லை. மேலும், இந்த வழி இன்று பரம ஏழையாக இருப்பவருக்கு. நாளை விழப்போகிறவரை இது தாங்காது.

வயதே தகுதி

நேபாளம் 1995இல், மிகவும் ஏழை நாடாக இருந்த காலத்திலேயே, 75 வயதானோர் எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. பெரிய ஆய்வு எதுவும் முன்னால் நடக்கவில்லை. தொகையும் கேலிக்குரிய அளவு சிறிது. ஆனால் எல்லா வீட்டுக் கிழவனும் கிழவியும் வாங்குகிற பணம் என்பதால், எந்தக் கட்சி வந்தாலும் அதை வெட்டத் துணியவில்லை, கூட்டித்தான் கொடுத்தது. இன்று மாதம் 4,000 ரூபாய், வயது 68. தாய்லாந்தில் 2009க்கு முன் யார் ஏழை முதியவர் என்று ஊர்க்குழு பார்த்துத் தேர்ந்தது. பின்பு, அரசு ஓய்வூதியம் இல்லாத 60 வயதானோர் யார் பதிந்தாலும் தொகை என்று ஆனதும் அந்தத் தகராறே ஓய்ந்தது.

இந்த வழியிலும் விடுபடுகிறவர்கள் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1995இல் நேபாளிகளின் சராசரி ஆயுளே அறுபதைத் தொடவில்லை. 75 வயதுவரை இருந்து வாங்கியவர்கள் பெரும்பாலும் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள். மலைக் கூலியும் தலித் உழைப்பாளியும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். பிறகு தலித்துகளுக்கும், பின்தங்கிய மலைப்பகுதியான கர்ணாலியில் இருப்பவர்களுக்கும் வயதை 60 ஆக்கினார்கள். யாரையும் வீடு புகுந்து சோதிக்காமல் அநீதியைத் திருத்திய இந்த முறை எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தெரிகிறது.

மங்கோலியாவின் குழந்தைப் பணம் வேறொரு எச்சரிக்கை. 2005இல் ஏழைகளுக்கென்று தொடங்கி, விடுபட்டவர்கள் அதிகம் என்று அடுத்த ஆண்டே எல்லாக் குழந்தைகளுக்கும் ஆக்கினார்கள். சுரங்க வருமானம் பெருகியபோது தொகை கூடியது, உலகச் சந்தையில் கனிம விலை சரிந்தபோது மறுபடி வசதி பார்த்துக் குழந்தைகளை வடிகட்டினார்கள். 2020 பெருந்தொற்றில் அதே வழியில் மாதம் 1,00,000 துக்ரிக் (மங்கோலிய நாணயம்) ஒவ்வொரு குழந்தைக்கும் போய்ச்சேர்ந்தது. குழாய் ஏற்கெனவே போட்டிருந்ததால்தான் தண்ணீர் விட முடிந்தது. ஆனால் ஊற்று ஒரே சுரங்கமாக இருக்கக்கூடாது.

பணக்காரக் கிழவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அவருக்குப் போகிற தொகையை வரியில் திரும்ப வாங்கலாம். விடுபட்ட ஏழைக் கிழவியைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொடுக்க எந்த நாட்டிடமும் நல்ல வழி இல்லை. இரண்டு தவறில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நான் முதல் தவறையே தேர்வேன்.

ஒரு விழுக்காட்டை எப்படிப் பிரிப்பது

பெரும்பாலானோர் வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக வாழ்கிற நாட்டில், புதிய பணத்தில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வயதான எல்லோருக்கும் ஒதுக்குவேன். பணம் போதாவிட்டால் வசதி பார்த்துக் குறைக்க வேண்டாம், இடம் பார்த்துத் தொடங்கலாம். நேபாளம் 2009இல் குழந்தை உதவியைக் கர்ணாலியிலும் தலித் குடும்பங்களிலும் தொடங்கியதுபோல, பின்தங்கிய மாவட்டங்கள் முதலில், மற்றவை பிறகு. தொகை விலைவாசியோடு தானே ஏறும்படி சட்டத்தில் எழுதிவிட வேண்டும். ரேஷன் கடை ஒழுங்காக நடக்கிற நாட்டில் அதைக் கலைத்துப் பணமாக்க மாட்டேன்.

உழைக்கும் வயதினருக்குக் கூலி வேலை, சட்ட உரிமையாக. மழை பொய்த்த ஆண்டில் செலவு தானாகக் கூட இடம் விட்டிருக்க வேண்டும். மீதியில் ஒரு சிறு பங்கைப் பசுவுக்கு வைப்பேன். ஆனால் ஒரு மாவட்டத்தில் ஊழியர்களைப் பழக்கி முடித்த பிறகே அடுத்த மாவட்டம். தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் என்று அறிவித்தால் கொட்டகை இல்லாத பசுக்களே மிஞ்சும்.

தாய்லாந்து போல ஏழைகள் சில பகுதிகளில் மட்டும் ஒதுங்கியிருக்கிற நாட்டுக்கும், பிலிப்பைன்ஸ் போலப் பட்டியலும் சட்டமும் ஊன்றிவிட்ட நாட்டுக்கும் இதே வரிசை பொருந்தாது. அங்கே இருக்கும் பட்டியலை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். அப்படிப்பட்ட நாட்டில் கூடுதல் பணத்தின் முதல் பங்கை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பதிவுக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் அதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். போன மாதம் கணவனை இழந்த பெண் இந்த மாதம் வந்து பெயர் கொடுத்தால், இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் என்று விதி இருக்க வேண்டும். மறுத்தால் காரணமும் அதில் இருக்க வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு எத்தனை நாளில் பதில் போனது என்ற கணக்கை, நீக்கப்பட்டவர்களின் கணக்குக்குப் பக்கத்திலேயே, ஆண்டுதோறும் ஊர் வாரியாக ஒட்ட வேண்டும்.